பேசினது மாமாவா, மருந்தா?

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சௌபாக்கியவதி இசக்கிசெல்விக்கு அத்தை செண்பகவல்லி ஆசீர்வதித்து எழுதுவது. பத்மநாபசாமி புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க காந்திமதியம்மை பார்த்துக்கொள்வாள்.

நீ மயக்க ஊசி போடுகிற டாக்டர் என்பதால் ஒரு சந்தேகம். போனில் கேட்டால் "அத்தை, ட்யூட்டி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மாமாவுக்கு ஹெர்னியா ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு வார்டுக்குக் கொண்டு வந்தாங்க, நர்ஸ் பிள்ளை கன்னத்துல தட்டி, "அங்கிளே, கண்ணு தொறக்கூ, ஆன்ட்டி வந்நு"ன்னுச்சு. மாமா கண்ணையே திறக்கல்ல. "வந்துட்டாளா? பாடப்போறாளா?"ன்னாரு. "என்ன பாட்டு அங்கிளே?" "விடியக்காலம் இவ பாடுத பாட்டுதான். கோட்டைக்குள்ள பத்மநாபசாமி பாம்பு மேல நிம்மதியாப் படுத்திருக்காரு. இவ தொண்டையைத் திறந்தா அவரே எந்திரிச்சு உக்காந்துருவாரு." வார்டே சிரிக்கு. பக்கத்துக் கட்டில்காரர் தையலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு.

சாயங்காலம் கேட்டா, "நானா? ஒண்ணும் ஓர்மையில்லையே"ங்காரு. டாக்டர்ட்ட கேட்டேன். "அம்மா, முழிப்பு வந்திருக்கும், தான் பேசுறோம்ங்கிற அறிவு வந்திருக்காது. ரெண்டும் வேற"ன்னாரு. அறிவு வரலைன்னா முழிச்சது யாரு? மருந்துதான் பேசுச்சுன்னா மருந்துக்கு என் பாட்டு எப்படித் தெரியும்? அதுவா விடியக்காலம் எங்க வீட்டுல படுத்திருந்துச்சு? யோசிக்க யோசிக்க எனக்கே தலை சுத்துது. நான் சகஸ்ரநாமம் சொல்லும்போது வாய் அதுபாட்டுக்குச் சொல்லுது, மனசு போயி இட்லி மாவு பொங்கிட்டான்னு பாக்கு, ரெண்டையும் பாத்துக்கிட்டு உள்ள மூணாவதா ஒருத்தி இருக்கா. அவ யாருடி? புண்ணியம் இதுல யார் கணக்குல போகும்?

நவராத்திரிக்கு நம்ம தெரு பஜனையில நாந்தான் முதப் பாட்டு. சொன்னது மாமான்னா இந்த வருசம் வாயைத் திறக்க மாட்டேன். மருந்துன்னா பாடுவேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து வீட்டுல நான் பாட்டுன்னு மூச்சு விடல்ல, அடுத்த வீட்டுத் தாசம்மாள் "ஒடம்புக்கு என்னக்கா"ன்னு கஞ்சி கொண்டு வந்துட்டா. ஒத்த வரியில பதில் போடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உன் பேரில் தேங்காய் உடைக்கிறேன். தீர்க்கசுமங்கலியாக இரு.

அன்பு அத்தை,
செண்பகவல்லி

பி.கு.: கவரை ஒட்டப்போனா மாமா பிடுங்கிப் படிச்சிட்டாரு. "அப்ப எனக்கு நல்ல ஓர்மை இருந்துச்சு வல்லி. கல்யாணமான நாள்ல இருந்து சொல்லணும்னு பாத்தேன், தைரியம் வரல்ல. மயக்கத்துல சொன்னா நீ பாவம்னு விட்டுருவேன்னு நெனச்சேன்"ங்காரு. பத்மநாபசாமியும் இப்படித்தானே கண்ணை மூடிக்கிட்டு எல்லாம் கேக்காரு! அவரு இன்னும் எந்திரிக்கல்லல்லா? அப்ப என் பாட்டுல ஒரு குறையும் இல்ல. நீ பதில் எழுதண்டாம். நாளையில இருந்து பாடுதேன். மாமாவுக்கு மட்டும் ஒரு மயக்க ஊசி அனுப்பி வை.