டச்சுக்காரன் மருந்து

கராஜில் பூட்டிவிட்டு வந்த போத்தல், சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு வரவேற்பறை அலுமாரியில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றால் எந்த மனுசன்தான் பேயை நம்பமாட்டான்? சற்குணம் நம்பினார்.

ஹரோவில் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் சற்குணம் நெடுங்காலம் ஹொலண்டில் இருந்தவர். அங்கிருந்து வந்த மற்றவர்கள் சீஸ் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது பெட்டி பெட்டியாக இனிப்பு மது. குடிப்பது விரலளவு, கதைப்பது குடமளவு. முட்டையும் சீனியும் அடித்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிற மஞ்சள் அட்வொகாட், கசப்புத் தோடம்பழத் தோலில் இறக்கிய குராசோ, பொன் துகள் மிதக்கிற 'மணமகள் கண்ணீர்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணம் வைத்திருந்தார். ஹொலண்டுக்காரனுக்கு ஒவ்வொரு நல்ல சேதிக்கும் ஒரு போத்தல் உண்டாம்.

"கப்பல் கப்பலா அள்ளிக்கொண்டு போன எங்கட கறுவாதான் இதுக்குள்ள கிடக்குது. நான் திருப்பி எடுக்கிறன், அவ்வளவுதான்," என்பார்.

'நிலவறைச் சின்ன ஹான்ஸ்' என்ற போத்தலின் கதைக்கு வரும்போது மட்டும் மனைவி யோகமலர் சோற்றைப் போட்டு அவர் வாயை அடைத்துவிடுவாள். அந்தக் கதையை முழுதாகக் கேட்ட ஒரே சீவன் மகள் கோசிகா.

இப்போது சோபாவில் இருந்த பாலேந்திராவோ கோயில் நிர்வாகசபைக்காரர். மது என்ற சொல்லுக்கே மூக்கைப் பொத்துகிறவர். 2006 பங்குனியில் அவருடைய மகன் லக்‌ஷனுக்கும் கோசிகாவுக்கும் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. தாலிகட்டுக்கு நாள் குறிக்கத்தான் இந்தக் கோடையில் மனைவி செல்வமலரோடு வந்திருந்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டால் பிள்ளையின் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் போத்தல் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்று யோகமலர் உத்தரவு போட்டிருந்தாள். சற்குணமும் காலையிலேயே எல்லாவற்றையும் கராஜுக்குச் சுமந்தார். அலுமாரியில் நிற்கிற இந்தப் போத்தலைத்தான் முதலில் கொண்டுபோனார். அது எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"மண்டபம் ஒண்டும் கிடைக்காது. அடுத்த வருஷம் ஆவணியில வைப்பம்," என்றார் பாலேந்திரா.

"அடுத்த வருஷமோ, மாமா?" என்று கேட்டாள் கோசிகா. பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறந்ததற்கு யோகமலர் அவளைக் கண்ணாலேயே சுட்டாள்.

அந்தச் சந்தடியில் சற்குணம் எழுந்துபோய்ப் போத்தல்மேல் ஒரு துவாயைப் போட்டார். சும்மா விட்டிருந்தால் பாலேந்திரா அந்தப் பக்கம் பார்த்தே இருக்கமாட்டார். அலுமாரிக்குள் துவாய் ஏன் என்று இப்போது கேட்டார்.

"மருந்து, அண்ணை. வெளிச்சம் படக்கூடாது."

"என்ன மருந்து?"

"இருமல் மருந்து. டச்சுக்காரன்ர மருந்து."

உலகத்தில் வேறு நோய் வருத்தமா இல்லை? மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம். பாலேந்திராவுக்கு மூன்று கிழமையாக விடாத இருமல். ஒரு கரண்டி தாரும் என்று கையை நீட்டிவிட்டார்.

ஒரு கரண்டி உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு கறுவா மணக்கிறது என்றார். அந்தச் சொல்லோடு சற்குணம் அடங்கியிருக்கலாம். ஆனால் நாக்கு கேட்கவேண்டுமே! அந்தக் காலத்தில் மூலிகையும் வாசனைத் திரவியமும் ஊறவைத்து இதையெல்லாம் மருந்தாகத்தான் இறக்கினார்கள் என்று சரித்திரத்தை எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்ட பாலேந்திராவுக்கு நம்பிக்கை பிறந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தார்.

யோகமலர் ஓடிப்போய் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சூடு ஏறியதும் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்தது. திருவிழாவில்கூடச் சிரிக்காத மனுசன் சிரித்தார். சற்குணத்தை மச்சான் என்று கூப்பிட்டார். தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

"கூடக் குடிச்சா நித்திரை வரும், அண்ணை," என்று சற்குணம் போத்தலை மெல்ல இழுத்தார்.

"வந்தா இஞ்சயே படுக்கிறன், மச்சான்."

செல்வமலர் மேசைப் பக்கம் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் போத்தலின் டச்சு எழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கோசிகாவைப் பார்த்தார். அவ்வளவுதான்.

சற்குணம் போத்தலை வாங்குவதற்குள் கோசிகா வாங்கிவிட்டாள். கொண்டுபோய் ஒளிக்கப் போகிறாள், கெட்டிக்காரி என்று அவர் மனம் குளிர்ந்தது. அவளோ குசினிக்குப் போய்த் தட்டோடு திரும்பி வந்தாள். தட்டில் டச்சுக்காரரின் குட்டிக் கிளாஸ்கள், விளிம்பு தளும்பத் தளும்ப. அவளுக்கு மட்டும் தோடம்பழச் சாறு. மாமியாருக்கு முன்னால் அவள் ஒரு கிளாஸை வைத்தபோது, சம்பந்தம் முறிந்தது என்று சற்குணம் முடிவே கட்டிவிட்டார்.

செல்வமலர் சேலைத் தலைப்பைச் செருகினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார். மேசைவரை குனிந்து, கிளாஸைத் தொடாமலே, முதல் மிடறை உறிஞ்சினார். தளும்புகிற கிளாஸை ஹொலண்டில் அப்படித்தான் குடிப்பார்கள்.

சற்குணம் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார். "அக்கா... உங்களுக்கு இது எப்பிடி?"

"கலியாணத்துக்கு முந்தி ஹொலண்டில, டென் ஹாக்கில ஒரு வீட்டில சமைச்சனான். லக்‌ஷனுக்குத் தெரியும். இவருக்குத்தான் சொல்லேல்லை."

"அப்ப இது மருந்து இல்லையோ?" என்று பாலேந்திரா திடுக்கிட்டார். கோப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

செல்வமலர் எழுந்துபோய்க் கோசிகாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார். பிறகு சற்குணத்தின் பக்கம் திரும்பினார்.

"வாற மாசமே தாலியைக் கட்டுவம், அண்ணை. வயித்தில பிள்ளை இருக்கு எண்டு சொல்லத்தானே அங்க இந்தச் சின்ன ஹான்ஸைத் திறக்கிறவை. அடுத்த ஆவணி எண்டா எங்கட பேரன் தவண்டு வந்து மணவறையில ஏறியிடுவான்."