பூட்டு சாரின் செய்முறை விளக்கம்

மூன்று மணிக்கு இணையப் பாதுகாப்புப் பாடம். இரண்டரைக்கே, பாடம் நடத்த வேண்டியவரின் கணினியில் அம்புக்குறி தானாக நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பார்சல் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "கம்ப்யூட்டரப் பூட்டிட்டுப் போங்க!" என்று கத்துவார். இணைய மோசடியில் ஏமாறுகிறவர் ஒரு மாதம் கிடங்கில் லேபிள் ஒட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் பாடத்தில் காட்டுவதை எல்லோரும் தத்தம் கணினியில் செய்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதும் அவர் போட்டதுதான்.

பாடத்துக்குப் படம் தேடப்போய் வந்த வினை இது. "நீங்கள் மனிதர்தானா? நிரூபிக்க இந்த விசைகளை வரிசையாக அழுத்துங்கள்" என்றது ஓர் இணையப் பக்கம். தன்னைப் பார்த்து ஓர் இயந்திரம் இப்படிக் கேட்டதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அழுத்தினார். ஏதோ ஒரு கட்டளை கணினிக்குள் புகுந்தது; அம்பு தானாக நடக்கத் தொடங்கியது.

அடுத்து திரையில் ஓர் உதவி எண் வந்தது. கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க சார், நாங்க இருக்கோம். பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க."

அந்த அலுவலகத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. சொன்னார். அம்பு ஓட ஆரம்பித்தது.

"ஐயோ, இன்னும் வேகமா ஓடுதே!"

"உங்களுது பத்தல சார். மேனேஜரோடது இருக்கா?"

இருந்தது. அதையும் சொன்னார்.

அதற்குள் மணி மூன்றாகி, மேனேஜர் அம்மாளே வந்து அவர் கணினியைப் பெரிய திரையில் இணைத்துவிட்டார். வாடிக்கையாளர் விலாசங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.

"என்ன சார், நீங்க மவுஸத் தொடவே இல்ல. அம்பு ஓடுது?"

பூட்டு சாருக்குக் கண் முன்னால் கிடங்கு தெரிந்தது. ஆனாலும் பிழைக்கத் தெரிந்த மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதான் மேடம் இன்னிக்குப் பாடம். வேணும்னேதான் உள்ள விட்டிருக்கேன். திருடன் எப்படி வர்றான்னு கண்ணால பாக்கணும்ல?"

"அந்த விலாசமெல்லாம்?"

"அத்தனையும் போலி!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த உற்சாகத்தில் பக்கத்தின் முகவரியிலிருந்து கடைசி விசை வரை பலகையில் எழுதியே காட்டினார். பாஸ்வேர்ட் சமாசாரத்தை மட்டும் நைசாக விழுங்கிவிட்டார்.

"உங்கள மாதிரி இன்னும் பத்துப் பேர் இருந்தா, இந்த ஆபீஸ் எங்கயோ போயிடும் சார்," என்றார் மேனேஜர்.

கிடங்கு தப்பியது. இருக்கைக்குத் திரும்பி, இணைய வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டார்.

வரவேற்பறைப் பெண் பதிவேட்டோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"பதினாறு பேரும் செஞ்சு பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சு சார், எல்லார்க்கும் அம்பு சூப்பரா ஓடுது... போன்ல அந்த அண்ணன் பாஸ்வேர்ட் கேக்குறாரு, சொல்லிடலாம்ல?"