‘என்ன’ என்று கேட்டதால் வந்தவர்கள்

ஒரு பாஷை சுத்தமாகத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்குத்தான் கேடு. கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த முதல் வருடம் எனக்குச் சிங்களத்தில் சில சொற்கள் தெரியும். மரக்கறிகளின் பெயர்களைக் கழித்துவிட்டால் ஏழெட்டு மிஞ்சும். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு, “எனக்குச் சிங்களம் விளங்கும்” என்று கணவர் வேலை செய்யும் கந்தோரில் நடந்த விருந்தொன்றில் பெருமையடித்திருந்தேன். (ஆங்கிலத்தில்தான் அடித்தேன்.)

கடற்கரைப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி, மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட். நான், கணவர் ரகு, அவருடைய அக்கா பவானி மச்சாள். ரகுவுக்கு ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. அந்த மாதம் அவரும் இன்னொருவரும் ஒரே பதவிக்காகக் காத்திருந்தார்கள். கிடைப்பவர் கொழும்பிலேயே மனேஜர். கிடைக்காதவர் தெற்கே தூரத்து அம்பாந்தோட்டைக்குப் பெட்டி கட்ட வேண்டும். முடிவு அவர்களுடைய மேடத்தின் கையில்.

கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. மச்சாளும் நானும் பாலும் பழமும் மட்டும். மச்சாள் முருகனில் வைத்த பக்தியால் விரதம் பிடித்தார். நான் மச்சாளுக்குப் பயந்து பிடித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ரகு குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது. மேடம். எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. எங்கள் வீட்டில் ரயில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மேடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்லி, கடைசியில், “என்னத?” என்றார்.

மேடம் தமிழில் ‘என்னது’ என்று கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். ஆனால் எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை.

“என்ன?” என்றேன்.

“ஒக்கொம என்னத?”

“என்ன? என்ன?” ரயிலுக்கு மேலாகக் கத்தினேன்.

மேடம் சந்தோஷமாகச் சிரித்து, “ஹரி, ஹரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்த ரகுவிடம், “மேடம் எடுத்தவா. சும்மா சுகம் விசாரிச்சவா” என்றேன்.

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாருங்கள்’. ‘என்னத’ என்றால் ‘வரட்டுமா’. ‘ஒக்கொம’ என்றால் ‘எல்லாரும்’. ‘ஹரி’ என்றால் ‘சரி’. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா என்று அந்த மனுஷி கேட்க, வாருங்கள், வாருங்கள், வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேன். என் தாய்கூட ஒரு விருந்தாளியை அவ்வளவு வருந்தி அழைத்ததில்லை.

ஞாயிறு, விரதத்தின் ஆறாம் நாள். கோயிலில் பின்னேரம்தான் சூரன் போர். எங்கள் வீட்டில் மத்தியானமே தொடங்கிவிட்டது. மணி அடிக்க, கதவைத் திறந்தேன். மேடம், அவருக்குப் பின்னால் கந்தோரே நின்றது. படிக்கட்டு வளைவு வரைக்கும் தலைகள். திகைப்பில் என் வாயிலிருந்து ஒரு சொல்தான் வந்தது.

“என்ன?”

எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

சாரத்தோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ரகு எழுந்த வேகத்தில் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் மேடத்துக்கு வணக்கம் வைத்தார். பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

“நீர் இவையளை வரச் சொன்னனீரோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ன எண்டு மட்டும்தான் கேட்டனான்.”

ரகு கண்களை மூடிக்கொண்டார். “வீட்டிலை என்ன இருக்கு?”

அரைப் பப்பாசிப்பழமும் ஒரு பக்கற் பாலும் இருந்தன. ரகு சேர்ட்டை மாட்டிக்கொண்டு இடியப்பம் வாங்கக் கடைகள் இருக்கும் காலி வீதிக்கு ஓடினார். அவர் போன பிறகுதான் மேடம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். நீர்கொழும்பு நண்டு. உயிரோடு. யாழ்ப்பாணத்து நண்டுக்கறி சாப்பிட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசையாம்.

நான் விரதம் என்பதைச் சொல்லியாக வேண்டும். விரதத்துக்குச் சிங்களச் சொல் தெரியாது. இருந்த ஏழெட்டுச் சொற்களைத் துழாவிப் பக்கத்தில் வரக்கூடியதை எடுத்தேன்.

“அத மட படகினி” என்றேன். இன்றைக்கு எனக்குப் பசி.

“அனே, பவ்”, ஐயோ பாவம், என்று மேடம் என் கன்னத்தைத் தடவினார். பசியில் வாடும் பிள்ளையைச் சமைக்கவிட அவருக்கு மனம் வரவில்லை. என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தானே சமைக்க இறங்கிவிட்டார். அதுவும் மச்சாள் சஷ்டிக்கென்று மினுக்கி வைத்திருந்த சட்டியில். நண்டு கொதிக்கத் தொடங்கியது. ஆறு நாள் பட்டினி கிடந்தவள் நான். (சொன்னால் பாவம். வாய் ஊறியது.)

வாசம் சாமியறைக்குள் போனது. தேவாரம் பாதியில் நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு பவானி மச்சாள் குசினி வாசலில் வந்து நின்றார். சட்டியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

“என்ன?” என்றார்.

மேடம் புன்னகையோடு அவரருகே வந்தார். கையில் அகப்பை, அகப்பையில் நண்டுக்கால்.

“என்ன... என்ன...” மச்சாள் பின்வாங்கினார். மேடம் முன்னேறினார். ருசி பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். மச்சாள் சாமியறை வரைக்கும் பின்னால் போய், முருகன் படத்தில் முதுகு முட்டி நின்றார். மேடம் அகப்பையை அவர் வாயருகே நீட்டினார்.

இடியப்பப் பார்சல்களோடு ரகு உள்ளே வந்தது அப்போதுதான்.

அவர் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மேடத்தின் முகம் கறுத்துச் சிறுத்தது. காஸ் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து மச்சாளைக் கைகூப்பிக் கும்பிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். சட்டியையும் கையோடு கொண்டுபோகச் சொல்லி மச்சாள் சைகை காட்டினார். வாசலில் மேடம் மெதுவாக, “கிஹின் என்னம்” என்றார்.

“என்னவாம்?” என்று மச்சாள் கேட்டார்.

“போயிட்டு வாறாவாம்” என்றார் ரகு.

“திரும்பவும் வாறாவோ?” என்று கேட்டுவிட்டு மச்சாள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

இடியப்பத்தை விரதம் பிடிக்காத ரகு தனியாக மூன்று நேரம் சாப்பிட்டார். என்னோடு கதைக்கவில்லை. அடுத்த மாதம் அம்பாந்தோட்டைக்கு மாறச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. நண்டுதான் காரணம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டி கட்டும்போது ஒரு பெருமூச்சு விட்டார். அது எனக்குப் போதுமாயிருந்தது. மூன்று வருடம் வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்.

அதற்குப் பிறகு நான் சிங்களம் ஒழுங்காகப் படித்தேன். இப்போது அரச அலுவலகங்களில் சண்டைகூடப் பிடிப்பேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இன்றைக்கும் வீட்டு மணி அடித்து நான் எழும்பினால், மச்சாள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

“வதனி, என்ன எண்டு கேட்டிடாதை. அரிசி காணாது.”