ஒரு கோடி ரூபாய்ப் பொன்னாடை

அரசாங்கத்தில் எதுவும் தானாக நடக்காது. யாராவது மனு கொடுக்க வேண்டும். ஜவளகிரியைத் தாண்டிக் காட்டோரமாக இருக்கும் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை மேகலா டீச்சர் அப்படித்தான் ஒரு மனு கொடுத்தார். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும். இருந்ததைப் போன கோடையில் தண்ணீர்த் தொட்டிக்காக வந்த யானை தள்ளிவிட்டுப் போய்விட்டது. இப்போது பிள்ளைகள் ராகிக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் புதருக்குப் போகிறார்கள். அந்தப் புதருக்கு யானையும் வருகிறது.

மனு வந்து சேர்ந்த இடம் எங்கள் அலுவலகம். எல்லையோர மக்கள் நல நிதி திரட்டல் அலுவலகம், ஓசூர். பெயர் நீளம், அறை இரண்டுதான். நான் அங்கே தட்டச்சர். அலுவலர் திருமலை சார் மனுவை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யானை மேல புகார் கொடுத்தீங்களா?"

"யார்கிட்ட சார் கொடுக்கறது?" என்றார் டீச்சர்.

"சேதப்படுத்தினது யாருன்னு தெரியாம நாங்க எப்படி மேல்நடவடிக்கை எடுக்கறது?"

"யானைன்னு தெரியும் சார்."

"அதான் கேக்கறேன். எந்த யானை? நம்ம மாநிலத்து யானையா, கர்நாடகா யானையா? கர்நாடகான்னா நான் கடிதம்தான் எழுத முடியும்."

டீச்சர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்திருந்த மங்கம்மா முன்னால் வந்தாள். அவள் மகள் ரூபா அந்தப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். "சார், அது எந்த ஊரு யானையோ இருந்துட்டுப் போவட்டும். அரையாண்டுப் பரீட்சைக்குள்ள கக்கூஸு கட்டலைன்னா என் பொண்ணை நிறுத்திடுவேன். படிப்பு போனா போவுது, எனக்குப் புள்ள வேணும்" என்றாள்.

"காலக்கெடு விதிக்கற அதிகாரம் பொதுமக்களுக்குக் கிடையாதும்மா" என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை, விதியைத்தான் சொன்னார்.

நிதி இல்லை. நிதி திரட்டும் அலுவலகத்தில் நிதி இருந்தால் அப்புறம் எதைத் திரட்டுவது? ஆனால் திருமலை சார் அப்போதுதான் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சி முடித்து வந்திருந்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் ஆன்லைன் அறக்கொடை ஏலம் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிரபலமானவர்கள் தொட்ட பொருளை இணையத்தில் ஏலம் விட்டால் பணம் கொட்டுமாம். எங்கள் அலுவலகத்தில் பிரபலமானவர் யார் என்று கூடி ஆலோசித்தோம். சார்தான் என்று சாரே முடிவு செய்தார்.

சாருடைய பீரோவில் பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் விழாக்களில் போர்த்தியவை. கடைவீதியில் ஒன்று நூற்றிருபது ரூபாய், பேரம் பேசினால் நூறு. பச்சைக்கரை போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். "அலுவலர் அவர்களின் திருத்தோள்களை அணிசெய்த பெருமை வாய்ந்தது" என்று நான் தட்டச்சு செய்தேன். அதில் இருந்த சாம்பார்க் கறையைப் பற்றி யாரும் எழுதச் சொல்லவில்லை.

"ஏலம் கேக்கறவங்ககிட்ட முன்பணம் வாங்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"தர்மம் பண்ண வர்றவன்கிட்ட முன்பணம் கேக்கறது அநாகரிகம்யா. பேரும் போன் நம்பரும் போதும்."

ஏலம் தொடங்கியது. மேகலா டீச்சர் இணைப்பை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினார். ரூபா அதைத் தன் தாய்மாமன் பிரகாஷுக்கு அனுப்பினாள். பிரகாஷ் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. "மாமா, எங்க ஸ்கூலுக்கு. எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று எழுதியிருந்தாள் பிள்ளை.

இதற்கிடையில் உண்மையான ஏலம் ஒன்று வந்தது. ஓசூர்ப் பூ வியாபாரி மெஹபூப் பாஷா. காட்டோரத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா வாங்கி வெளியூருக்கு ஏற்றுகிறவர். பிள்ளைகள் படும் பாட்டை வேன் ஓட்டிப் போகும்போதே பார்த்திருக்கிறார். பூ வியாபாரிகளிடம் பிரித்துச் சேர்த்து, கழிப்பறைக்கு ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவையும், மூன்றரை லட்சம், அந்தச் சாம்பார்க் கறைப் பொன்னாடைக்குக் கேட்டார். அன்றைக்கே ஏலத்தை முடித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அன்று மத்தியானம் கம்பெனி கேன்டீனில் பிரகாஷ் இணைப்பைத் திறந்து பார்த்தான். திருத்தோள்கள் என்ற வார்த்தையைப் படித்ததும் அவனுக்குப் புரையேறிவிட்டது. பள்ளிக்கூடத்தைக் கிண்டல் செய்ய அவனுக்கு எண்ணமே இல்லை. சாருடைய தோளைத்தான் கிண்டல் செய்ய நினைத்தான். கொம்பன் என்று யானைப் பெயரைப் போட்டு, ஒரு கோடி ரூபாய் கேட்டான். கேன்டீனே சிரித்தது. அதைப் படம் பிடித்து அனுப்ப, சாயங்காலத்துக்குள் ஊத்தங்கரை வரைக்கும் சிரித்தது. கொம்பில்லாத யானையின் பெயரில் மக்னா தொண்ணூறு லட்சம், குட்டியானை எண்பது லட்சம் என்று, குறைத்துக் கேட்டால் செல்லாது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆளாளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

திருமலை சாருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பாத்தியாய்யா, ஜனங்க என்னை எங்க வச்சிருக்காங்கன்னு" என்றார். ஒரு கோடி திரட்டப்பட்டது என்று அன்றைக்கே மேலிடத்துக்கு அறிக்கை போனது. பிறகுதான் கொம்பனுக்குப் போன் போட்டார்.

"கொம்பன் சாருங்களா?"

பிரகாஷ் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டான். "சார், விளையாட்டுக்குப் போட்டுட்டேன். எங்கிட்ட ஏது சார் கோடி? பைக்குக்குத் தவணை கட்டவே அல்லாடறேன்."

சார் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார், "எவ்வளவு அடக்கம் பாரு. உண்மையான பணக்காரன் இப்படித்தான் பேசுவான்."

ஒரு வாரம் கழித்துத்தான் அவருக்குப் பிடிபட்டது. மக்னாவும் குட்டியானையும் அதே கேன்டீன் என்பதும் தெரிந்தது. அப்போது மெஹபூப் பாஷா நேரில் வந்தார்.

"சார், விளையாட்டுப் பசங்களை விட்டுத்தள்ளுங்க. எங்க மூணரை லட்சம் அப்படியே இருக்கு. வாங்கிட்டு வேலையை ஆரம்பிங்க. பரீட்சை வரப்போவுது."

"ஒரு கோடி மதிப்புள்ள பொருளை மூணரை லட்சத்துக்கு எப்படிங்க கொடுக்கறது? தணிக்கையில என்னைக் கேள்வி கேப்பாங்க."

"அது நூறு ரூபா துண்டு சார்."

"ஏலத்துக்கு முன்னாடி நூறு ரூபா. இப்ப அரசுப் பதிவேட்டுல ஒரு கோடி."

"சரி, துண்டு நீங்களே வச்சுக்குங்க. பணத்தை மட்டும் எடுத்துக்குங்க."

"பொருள் வாங்காம பணம் கொடுத்தா அது நன்கொடை. இது ஏல அலுவலகம். நன்கொடைக்குத் தனிக் கணக்குத் தலைப்பு இல்லை. கேட்டு எழுதறேன்."

"எப்ப வரும்?"

"எழுதறேன்னுதானே சொன்னேன்" என்றார் சார்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு கோடி மதிப்புள்ள அரசுச் சொத்து, ஒரு பழைய பீரோவில், பூட்டும் சரியில்லாமல் கிடக்கிறது. யார் பொறுப்பு? பயனாளியின் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. பயனாளி பள்ளிக்கூடம். ஆகவே ஏழாம் வகுப்பைக் காலி செய்து மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையில் கண்ணாடிப் பெட்டியில் பொன்னாடையை வைத்தோம். சொத்துப் பாதுகாப்புக்கு மட்டும் தனி நிதி உண்டு, அதில் அறைக்கும் வளாகத்துக்கும் கேமரா மாட்டினோம். இருபத்துநாலு மணி நேரக் காவலாளி ஒருவர் தேவைப்பட்டார். யானை வரும் இடம் என்று தெரிந்து ஒருவரும் வரவில்லை. கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்த பிரகாஷ்தான் வந்தான். தான் ஒரு கோடிக்குக் கேட்ட துண்டுக்குத் தானே காவல் இருந்தான். மாதச் சம்பளம் பத்தாயிரம்.

காவலாளி இருக்கும் இடத்தில் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்பது தொழிலாளர் விதி. அவசரப் பணி என்று சிவப்பு மையில் எழுதினோம். மூன்றே வாரம். ஓடு பதித்து, தண்ணீர்க் குழாய் வைத்து, யானை தள்ளாதபடி கான்கிரீட் சுவர் எழுப்பி, அருமையான கழிப்பறை ஒன்று பள்ளி வளாகத்திலேயே எழுந்து நின்றது. "காவலாளிக்கு மட்டும்" என்று பலகையும் மாட்டினோம்.

பிரகாஷ் நல்லவன். முதல் நாளே பூட்டைத் திறந்து, "போயிட்டு வாங்கம்மா" என்று பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டான். கேமராவில் பார்த்தபோது எங்களுக்குத் தலை சுற்றியது. ஒரு காவலாளிக்குக் கட்டிய இடத்தில் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கிறது. அரசுச் சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவனுக்கு ஒரு குறிப்பாணை போனது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றும் சேர்த்துத் தட்டச்சு செய்தேன். அவன் பூட்டிவிட்டான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் புதருக்குப் போன பிள்ளைகளை யானை துரத்தியது. ரூபா கீழே விழுந்து முட்டி கிழிந்து ஓடிவந்தாள். மறுநாள் மங்கம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டாள். மேகலா டீச்சர் கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். வாசலில் சீருடையோடு நின்ற தம்பி பிரகாஷை மங்கம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா சிரிச்சியாடா?" என்று கேட்டுவிட்டு மகளை அழைத்துப் போனாள்.

ரூபா ரோஜாத் தோட்டத்தில், பசுமைக்குடிலில் பூக்கட்டு போடப் போனாள். அங்கே வயது கேட்கவில்லை. கழிப்பறை இருந்தது.

மெஹபூப் பாஷாவுக்கு அந்தக் குடிலில்தான் கொள்முதல். அங்கே ரூபாவைப் பார்த்த அன்று சாயங்காலமே நேராகப் பள்ளிக்குப் போனார். "டீச்சர், எனக்கு இப்பதான் புத்தி வந்துச்சு. நிஜப் பணத்துக்கு இந்த ஊர்ல கக்கூஸ் வராது. பொய்ப் பணத்துக்குத்தான் வரும். மூணரை லட்சம் கையில வச்சிக்கிட்டு நாயா அலைஞ்சேன், ஒண்ணும் நடக்கல. அந்தப் பையன் இல்லாத கோடியைச் சொன்னான், மூணு வாரத்துல கட்டிட்டாங்க."

"அதுக்கு என்ன பண்ணணும்கறீங்க பாய்?"

"அடுத்த துண்டை ஏலத்துக்கு விடச் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

சாருக்கு அழைப்பே தேவைப்படவில்லை. சிவப்புக்கரைப் பொன்னாடையைத் தயாராக வைத்திருந்தார். ஏலம் தொடங்கியதும் பூ மார்க்கெட் மொத்தமும் இறங்கியது. இரண்டு கோடிக்கு முடிந்தது. இந்த முறை யாருக்கும் போன் போட வேண்டாம் என்று சாரே சொல்லிவிட்டார். இரண்டாவது பொன்னாடைக்கு இரண்டாவது காவலாளி. மகளிருக்கு முன்னுரிமை என்று மேகலா டீச்சர் ஒரு மனு கொடுத்தார். பிரகாஷ் போய் அக்கா காலில் விழுந்து கூட்டிவந்தான். மங்கம்மா காவலாளி ஆனாள். டி.சி. வாங்கிய ரூபாவைத் திரும்பச் சேர்க்க மட்டும் அடுத்த ஜூன்வரை காத்திருக்க வேண்டும் என்றது விதி. பெண் காவலாளிக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்பதும் விதிதான். அதையும் அவசரப் பணியில் கட்டினோம்.

கேமராவுக்கும் டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். எல்லாப் பள்ளியிலும் ஏதாவது மன்றம் தொடங்குவது இப்போது வழக்கமாயிற்றே. பொன்னாடைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகள் அத்தனை பேரையும் காவலாளிக்கு உதவியாளர்களாகச் சேர்த்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார். அட்டை இருந்தால் உள்ளே போகலாம். சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று கோடி திரட்டிய சாதனைக்காக அவருக்குப் பாராட்டு விழாவும், கழிப்பறைத் திறப்பு விழாவும் ஒரே நாளில் அங்கேயே ஏற்பாடானது.

விழாவுக்குப் பூங்கொத்துகள் பசுமைக்குடிலில் இருந்து வேனில் வந்தன. கூடவே இறக்கி வைக்க ரூபா வந்தாள். காலையில் கிளம்பியது, மேடை அலங்காரம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கூடப் படித்த பிள்ளைகள் கழுத்தில் அட்டையோடு வரிசையாக நின்றார்கள். ரூபா மெதுவாக அம்மாவிடம் போனாள். நான் பக்கத்தில்தான் ரிப்பன் கத்தரி வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அவசரம். சாவி கொடு."

மங்கம்மா கேமராவைப் பார்த்தாள். மேடையில் இருந்த திருமலை சாரைப் பார்த்தாள். மகள் கழுத்தைப் பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த சாவிமேல் கை போனது, அங்கேயே நின்றது. "அட்டை இல்லையேடி" என்றாள்.

ரூபாவுக்குப் பழகிய வழிதானே. ராகிக் கொல்லையைச் சுற்றிக்கொண்டு புதர்ப் பக்கம் நடந்தாள். பிரகாஷ் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்று காவல் காத்தான். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் இல்லை.

மேடையில் திருமலை சாருக்குப் புதுப் பொன்னாடை போர்த்தினார்கள். நீலக்கரை. அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்தபோது, தூரத்தில் நடந்து போகும் பெண் அவர் கண்ணில் பட்டாள். பேச்சை நிறுத்திவிட்டு வருத்தத்தோடு கையை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க. ஒண்ணுக்கு ரெண்டா கட்டிக் கொடுத்திருக்கோம். ஆனாலும் நம்ம ஜனங்க இந்தப் பழக்கத்தை விடவே மாட்டேங்கறாங்க."

உண்மைதான் என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.