கட்டிலுக்குள் ஒரு இன்ஜின்

டெல்லியில் காரைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். இன்ஜின் இல்லாத காரைப் பறிகொடுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஒண்டியாள் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் அவருக்குக் கீழ்வீடு, எனக்கு மேல்வீடு. பாளையங்கோட்டைக்காரர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எந்த வேலையையும் ஒண்டியாளாகத்தான் செய்வார். அடுத்தவர் ஒரு விரல் வைத்தாலும் ஆகாது. கேஸ் சிலிண்டரைத் தெருமுனையிலேயே பிடுங்கித் தானே உருட்டிக்கொண்டு வருவார். பக்கத்து பஞ்சாபிகள் அதையே ஹிந்தியில் 'அகேலா சாப்' என்றார்கள்.

ஒருமுறை தனியாக பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தார். மனம் கேட்காமல், "அண்ணாச்சி, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேனே" என்றேன்.

"பிடிப்பேரு. அப்புறம் உம்ம வீட்டு பீரோவ நகட்டும்போது நான் வந்து பிடிக்கணும். எனக்கு இடுப்பு சரியில்லவே. எதுக்கு இந்த வம்பு?"

இப்படிப்பட்ட மனிதர் ஒரு கார் வாங்கினார். ஓய்வு பெற்றுப் போன மேலதிகாரி ஒருவர் தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் போன பழைய வெள்ளைக் கார். தானும் ரிட்டையர் ஆனதும் அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து, டெல்லியிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா என்றால் அவர் மனைவி. நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கல்யாணமானதிலிருந்து அக்காவுக்கு அவர் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

வண்டி புகை கக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் விடுவாரா? வேப்பமரக் கிளையில் சங்கிலிக் கப்பியை மாட்டி, இன்ஜினைத் தனியாகவே கழற்றி இறக்கி, வராந்தாவில் குடியேற்றினார். "வாற ஞாயித்துக்கெழம மாட்டிருவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவர், பால் பாக்கெட்டோடு மரத்தடியில் வெறுமனே நின்றுகொண்டிருந்தார். கார் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் தனியாகத்தான் போனார். அவருடைய ஹிந்தியை நினைத்துப் பயந்து நானும் பின்னாலேயே போய், வேறு வேலையாக வந்தவன் மாதிரி நின்றுகொண்டேன். ஏட்டு இன்ஜின் நம்பரைக் கேட்டார்.

"இன்ஜின் கர் மே ஹை" என்றார் அண்ணாச்சி.

ஏட்டு பேனாவை மூடினார். இன்ஜின் வீட்டில் இருக்கிறதென்றால் வண்டி எப்படிப் போயிற்று, பறந்தா போயிற்று என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டு அண்ணாச்சியைக் காட்டினார். அவரும் வந்து பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி சொன்னார்: "நாலு பேராச்சும் சேந்து தள்ளியிருக்கணும்வே. களவாணிப் பயலுவளுக்குக்கூட ஒத்த ஆளா ஒரு சோலி பாக்கத் துப்பில்ல."

அன்றிலிருந்து இன்ஜின் வராந்தாவை விட்டு நகரவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அதைத் துடைப்பார், எண்ணெய் போடுவார். எண்ணெய் ஒழுகும். அக்கா அதில் வழுக்குவாள். வித்துத் தொலையுங்கள் என்பாள். அண்ணாச்சி என்னிடம் முறையிடுவார். "இத வித்தா, வண்டி இனிமே வராதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?"

வராது என்பது காலனி நாய்களுக்குக்கூடத் தெரியும். அதை யார் அவரிடம் சொல்வது?

டெல்லித் தமிழர்களை அடிக்கடி பிடிக்கும் ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தாளி. அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் தம்பி, குடும்பத்தோடு தாஜ்மஹால் பார்க்கக் கிளம்பி வருவதாகத் தந்தி மாதிரி ஒரு போன் வந்தது. படுக்க வராந்தா வேண்டும். அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரும்போது கபாடிவாலாவ கையோட கூட்டிட்டு வாரேன். அந்த எழவு என் கண்ணுல பட்டா எடைக்குப் போட்டுருவேன்."

பழைய இரும்பு வாங்கும் கபாடிவாலா வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்கா தெரு திரும்பியதுதான் தாமதம், அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

டெல்லி வீடுகளில் பெட்டிக் கட்டில் என்று ஒன்று உண்டு. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பெரிய பெட்டி. கோடை முழுவதும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள் அதற்குள் தூங்கும், குளிர் வந்ததும் வெளியே வரும். பெட்டி காலி. அதன் அடிப்பலகையைப் பெயர்த்துவிட்டு இன்ஜினைத் தரையில் இறக்கி வைத்து, மேலே மெத்தையைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அபாரமான யோசனை. ரஜாய்கள் பங்குனியில் திரும்பி வந்து இடம் கேட்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ இழுபடும் சத்தம். பிறகு என் வீட்டுத் தரை அதிர்ந்தது. பாத்திரங்கள் கிணுகிணுத்தன. கை கழுவாமல் ஓடினேன்.

படுக்கையறையில் அவர் மட்டும். தம்பிக்கென்று அக்கா புதுப்பஞ்சு அடைத்துத் தைத்து வாங்கிய ரஜாயின் மேல் இன்ஜினை உட்காரவைத்து, வராந்தாவிலிருந்து இழுத்து வந்திருந்தார். ரஜாய் கறுத்துக் கிழிந்து கிடந்தது. ஃபேன் கழற்றப்பட்டுத் தரையில் இருந்தது. ஃபேன் கொக்கியில் சங்கிலிக் கப்பி. கப்பியில் இன்ஜின். அது கட்டிலுக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொக்கிக்கு நேர் மேலேதான் என் வீட்டுப் பூஜை அலமாரி.

"எறக்க வேண்டியதுதானே அண்ணாச்சி?"

"சங்கிலி சிக்கிக்கிட்டுவே."

இன்ஜினை ஒருவர் சாய்த்துப் பிடித்தால் இன்னொருவர் சங்கிலியை விடுவிக்கலாம். இரண்டையும் ஒருவரே செய்ய அவருக்குக் கை எட்டவில்லை. இந்தப் பக்கம் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் ஓடுவார். அது திரும்ப வந்துவிடும். ஓட ஓட, கொக்கியைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு அவர் தலையில் கொட்டியது.

"நான் சாய்க்கிறேன் அண்ணாச்சி."

"கைய வச்சேரு, செத்தாலும் உம்ம மொகத்துல முழிக்க மாட்டேன். தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். பூஜை அலமாரியில் இருந்த அத்தனை சாமிகளையும் வேண்டிக்கொண்டேன். அவர்களுக்கும் அதில் சொந்தக் காரியம் இருந்தது. அப்போது வாசலில் அக்காவின் குரல் கேட்டது. பின்னால் தராசோடு கபாடிவாலா.

அக்கா உள்ளே வந்து ஃபேனைப் பார்த்தாள். ரஜாயைப் பார்த்தாள். அந்தரத்தில் தொங்கும் இன்ஜினைப் பார்த்தாள். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

அண்ணாச்சி ஓடுவதை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கியது. "வித்துரு" என்றார். "என்னால ஆவல. வண்டியும் வராது. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் ஒரு வேலையை முடியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அக்கா காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். நேரே போய் இரண்டு கையாலும் இன்ஜினைச் சாய்த்துப் பிடித்தாள். "பாத்துக்கிட்டே நிக்கீகளே, சங்கிலிய எடுங்க" என்றாள்.

அவர் எடுத்தார். இன்ஜின் மெல்ல இறங்கிப் பெட்டிக்குள் உட்கார்ந்தது.

கபாடிவாலா தராசைத் தூக்கிக் காட்டினான். அக்கா மறுத்துத் தலையாட்டினாள். "நஹி பையா. காடி ஆனேவாலி ஹை."

வண்டி வரப்போகிறதாம். சொல்லிவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அக்காவ மட்டும் கை வைக்க விட்டீங்களே?" என்று அப்புறம் கேட்டேன்.

"அவ என்ன வேத்தாளாவே?" என்றார்.

தம்பி குடும்பம் வந்தது. அந்தக் கட்டிலில் படுத்த தம்பி காலையில் எழுந்து, "பெட்ரோல் பங்குல படுத்த மாதிரி இருக்கே அக்கா" என்றான். "டெல்லிக் காத்தே அப்படித்தாம்ல" என்றாள் அக்கா.

அண்ணாச்சி ரிட்டையர் ஆனார். பாளையங்கோட்டைக்கு அக்காவை ரயிலில்தான் கூட்டிக்கொண்டு போனார். இன்ஜின் போகவில்லை. வண்டி கிடைத்தால் டெல்லியில்தானே கிடைக்கும்? நான் மயூர் விஹாரில் தரைத்தளத்தில் வீடு வாங்கியிருந்தேன். பெட்டிக் கட்டிலும் இன்ஜினும் என் வீட்டுக்கு வந்தன. நாலு கூலியாட்கள் தூக்கினார்கள். அண்ணாச்சி அந்தக் கேவலத்தைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொங்கல் தவறாமல் போன் செய்வார். வாழ்த்தெல்லாம் கிடையாது. "கெடச்சுதாவே?" என்பார். "தேடிக்கிட்டிருக்காங்க அண்ணாச்சி" என்பேன். "சரி, எண்ணெய் போட்டு வையும்" என்பார்.

ஒரு பொங்கலுக்கு அக்கா பேசினாள். "அவுக போயிட்டாக தம்பி. இனிமே அது எதுக்கு? வித்துருங்க."

விற்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் ரிங் ரோடு சிக்னலில் பழைய வெள்ளைக் கார் ஏதாவது வந்து நின்றால், பச்சை விளக்கு விழுந்து பின்னால் இருப்பவர்கள் திட்டினாலும் பரவாயில்லை என்று, அதன் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.