சினேகா போட்ட சாவ்தான்

காரைக்குடி,
சனிக்கிழமை மாலை.

பாசமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் வைத்திருக்கும் யூஜினியா அக்காவுக்கு, தம்பி சூசைமரியான் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் கொல்லையில் மாமரமும் சுகம். திருச்சியில் தாங்களும், தங்கள் முழங்காலும், ஆஸ்பத்திரி வார்டையே ஒரு காலத்தில் நடுங்க வைத்த தங்கள் குரலும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இதை ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். ஃபோனில் நான் "அக்கா" என்றதும் தாங்கள் "சுகர் எவ்வளவு?" என்பீர்கள், அதற்கப்புறம் நான் பேசியதாக எனக்கு நினைவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் சந்தோஷமானது. அடுத்த மாதம் ஏற்காட்டில் பெரிய என்.சி.சி. முகாம், பல மாவட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே தலைமைப் பண்பும், ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை. வயதைக் கேட்டுவிட்டு, "வீட்டுல யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும்" என்றார்கள். என் வீட்டில் அந்த ஒருவர் தாங்கள்தான். "இங்க நடக்குற முகாம் முடியிற வரைக்கும் இனிப்புல கை வைக்காம இரு, அதுக்கப்புறம் அடுத்ததைப் பத்திப் பேசு" என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. முகாம் நேற்று முடிந்தது. ஆகவே பேசுகிறேன்.

முகாமை நடத்தியவன் பாண்டியராஜன். என்னிடம் எட்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். இப்போது உடற்பயிற்சி ஆசிரியர், என்.சி.சி. பொறுப்பும் அவனுக்குத்தான். "சார், டிரில்லு நான் பாத்துக்கிறேன். இந்தப் புள்ளைகள்ல ஒருத்தன் சோந்து விழுந்தா பக்கத்துல நிக்கிறவன் சிரிக்கிறான். அதை மாத்துற வகுப்பை நீங்க எடுங்க" என்றான். இடம் கண்டனூரில் ஒரு பெரிய செட்டியார் வீடு. காலையிலிருந்து மாலை வரை பயிற்சி. அப்புறம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம், சாவியும் ஆளுக்கொன்று. சென்னைப் பங்காளி "சும்மாதானே பூட்டிக் கெடக்கு" என்று எங்களுக்குக் கொடுத்தார். கோலாலம்பூர்ப் பங்காளியும் "சும்மாதானே பூட்டிக் கெடக்கு" என்று, தம் வீட்டுக் கல்யாணப் பலகாரம் சுடுவதற்கு அழகம்மாள் ஆச்சியிடம் கொடுத்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் நாள் காலை முன்வாசலில் நாங்கள் கொடிக்கம்பத்தை இறக்க, பின்வாசலில் ஆச்சி நெய் டின் இறக்கினார்கள். "நீங்க யாரு?" "நீங்க யாரு?" என்பதிலேயே காலை போய்விட்டது. கடைசியில் ஆச்சிதான், "முன்கட்டுல நீங்க சண்டை பழகுங்க, பின்கட்டுல நாங்க அடுப்பு மூட்டிக்கிறோம். அங்குட்டு ஆளுக இங்குட்டு செருப்போட வரக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆக அக்கா, நான் அந்த நெய் வாசனைக்குள் பல நாள் உட்கார்ந்திருந்தது என் விருப்பத்தால் அல்ல, பங்காளிகளால்.

வகுப்பை வழக்கம்போல ஓர் உதாரணத்தோடு ஆரம்பித்தேன். கட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வாசல் தாண்டும்போது ஒருவன் பின்பக்கமாக நடக்கிறான். பின்னால் இருக்கும் வாசல் நிலை அவனுக்குத் தெரியாது. எதிரே வருகிறவன் "நிலை வருது, குனிஞ்சுக்க" என்கிறான். அந்த இடத்தில் அவன் தலைவன். கட்டிலைத் திருப்பிப் பிடித்தால் மற்றவன் தலைவன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாரையும் இரண்டிரண்டு பேராகக் கூட்டாளி ஆக்கினேன். கூட்டாளியை விட்டுப் பிரியக் கூடாது. அவன் தனக்கே கெடுதல் செய்துகொண்டால் முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லணும். கேட்கவில்லையா, மறித்து நிற்கணும். அப்பவும் கேட்கவில்லையா, அவன் மதிக்கிற பெரியவர் ஒருவரிடம் சொல்லணும், அதற்குப் பேர் கோள்மூட்டுவது இல்லை, அக்கறை என்று விளக்கினேன். "அந்தப் பெரியவரோட நம்பர் உங்க கூட்டாளிக்கு மனப்பாடமா தெரியணும். எனக்கு அப்படி ஒருத்தர் என் அக்கா" என்று, உதாரணத்துக்காகத் தங்கள் நம்பரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தங்களுக்கு நான் செய்த இந்த மரியாதையையும் மனசில் வைத்துக்கொள்ளணும்.

பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டார்கள். காளிராஜுக்கு வயிறு சரியில்லை. அவன் கூட்டாளி மரிய ஆனந்த் கழிப்பறைக்கு வெளியே விறைப்பாக நின்றுகொண்டு, "உள்ள நல்லா இருக்கியாடா?" என்று விடாமல் கேட்க, "நீ நிக்கிறதுதாண்டா எனக்கு வியாதி, போய்த் தொலை" என்று உள்ளேயிருந்து சத்தம். மறுநாள் இன்னொருவன் தொப்பியை மறந்து வந்துவிட்டான். வீட்டுக்கு எதிரே இருந்த மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னான் பாண்டியராஜன். கூட்டாளியும் கூட ஓடினான். அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஓடினால் பார்க்க நன்றாயிருக்காது என்று அடுத்த இரண்டு பேர், அதைப் பார்த்து அடுத்தவர்கள் என மொத்த அணியும் ஓட ஆரம்பித்துவிட்டது. "சார், தண்டனை குடுக்க ஆளே மிச்சமில்ல" என்று என்னிடம் வந்தான். "அப்ப நீயும் ஓடு" என்றேன். பழைய மாணவன் அல்லவா, ஓடினான்.

இதில் ஒரு சிக்கல். பிள்ளைகள் எண்ணிக்கை ஒற்றைப்படை. மிஞ்சியவள் சினேகா, நகைவேலை செய்யும் ஜெயகாந்தன் ஆசாரியின் மகள். கவனம் கூர்மை, குரல்தான் வெளியே வராது. விறைத்து நிற்க "சாவ்தான்", தளர்ந்து நிற்க "விஷ்ராம்" என்று இந்தியில் கமாண்ட் கொடுக்கச் சொன்னால் அவள் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கும். மற்ற பிள்ளைகள் "என்ன, என்ன?" என்று காதில் கை வைத்துக் கேலி செய்ய, "நாளையிலருந்து வரல சார்" என்று பையை எடுத்துவிட்டாள். "நீ போனா எனக்குக் கூட்டாளி யாரு? வயசானவனை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டேன். நின்று யோசித்தாள். "உங்களுக்கு என்ன சார் பாத்துக்கணும்?" "சுகர் இருக்கும்மா." "சரி சார், பாத்துக்கிறேன்." அதுவும் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பையைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது முக்கியமான இடம், நிதானமாகப் படிக்கணும். முகாம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, புகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்றுதான் பின்கட்டுக்குப் போனேன். அழகம்மாள் ஆச்சி, "வாத்தியாரய்யா, இத்தனை நாளா வாசத்தையே சாப்பிட்டுக்கிட்டு இருக்கீக, ஒண்ணு எடுத்துக்கிருங்க" என்று சுடச்சுட, வெல்லம் மணக்கும் ஒரு கந்தரப்பத்தைக் கையில் வைத்துவிட்டார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் மனசு சங்கடப்படும். சூடு எப்படி இருக்கிறது என்று பார்க்க முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். அப்போது நடுவாசலிலிருந்து ஒரு குரல்:

"சாவ்தான்!"

அக்கா, நாற்பது தூண் உள்ள வீடு அது. ஒவ்வொரு தூணும் அதைத் திருப்பிச் சொன்னது. முன்கட்டில் மொத்த அணியும் குதிகால் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி, ஆடாமல் நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த பாண்டியராஜன் டம்ளரோடு விறைத்தான். ஆச்சிக்கு உதவியாக மாவு பிசைந்துகொண்டிருந்த புஷ்பவள்ளி மாவுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். நானும் கையை உடம்போடு ஒட்டினேன். கந்தரப்பம் கால்சட்டையோடு ஒட்டியது. எதிரே சினேகா.

"விஷ்ராம் எப்பம்மா சொல்லுவ?"

"அதைக் கீழ போட்ட பெறகு சார்."

ஆச்சி கரண்டியை வைத்துவிட்டு, "ஆத்தாடி, எண்ணெயே கொதிக்கிறதை நிறுத்திருச்சு. யாரு பெத்த புள்ள இது?" என்றார்கள். பாண்டியராஜன் மூச்சு வாங்க ஓடிவந்து, "மேலிடத்துலருந்து ஆபீசர் வந்துட்டாரா சார்?" என்றான். "ஆபீசர் இல்லடா, உன் சினேகா" என்றேன். அவன் அவளைப் பார்த்தான், என் கால்சட்டையைப் பார்த்தான், கையோடு வந்த டம்ளரில் மிச்ச டீயைக் குடித்தான். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நின்றது, தன் குரல் எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியாத மாதிரி. காதில் கை வைத்த அதே பிள்ளைகள் கைதட்டினார்கள். நேற்றுக் கடைசி அணிவகுப்புக்கு அவள்தான் கமாண்ட் கொடுத்தாள். பார்க்க வந்த அதிகாரி, "இந்தப் புள்ளைக்குக் குரல் பழக்குனது யாரு?" என்று கேட்க, எல்லோரும் என்னைக் காட்ட, அப்படித்தான் ஏற்காட்டு அழைப்பு வந்தது. என் சந்தோஷத்தில் நேற்று ராத்திரி தூக்கமே வரலக்கா. சுகர்னால இல்ல, சத்தியமா சந்தோஷத்துலதான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. கந்தரப்பம் என் உதட்டுல படவே இல்ல. சொன்ன சொல்லை உங்க தம்பி காப்பாத்திட்டான். சரின்னு ஒரு வார்த்தை சொன்னீகன்னா பெட்டியை எடுத்து வச்சிருவேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டு விடவும். தங்கள் முழங்காலுக்கு மாதா துணை இருப்பாளாக.

தங்கள் அன்புத் தம்பி,
சூசைமரியான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், பார்க்க வந்த சினேகாவிடம் எழுத்துப்பிழை திருத்தக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, "உதட்டுல படவே இல்லைன்னு எழுதியிருக்கீகளே சார், அதுக்கு முந்தின நாளு?" என்றாள். "அன்னைக்குத் தனியாச் சொன்னேன், கேக்கல. மறுநாள் மறிச்சு நின்னேன், சாவ்தான் போட்டேன். அதுக்குப் பெறகும் ஆச்சி உங்க டிபன் பாக்ஸ்ல வச்சு விட்டாக, நீங்க வாங்கிக்கிட்டீக. அதான் நேத்து ஏற்காடு விஷயம் வந்ததும் போர்டுல இருந்த நம்பருக்குப் பேசிட்டேன்." அப்படியானால் அக்கா, நேற்று ராத்திரி ஃபோனில் "இனிப்பு ஏதாச்சும்?" என்று தாங்கள் கேட்டு, "வாசனைகூடப் பிடிக்கல" என்று நான் சொல்லி, "அப்படியா" என்றீர்களே, அப்போதே தங்களுக்கு எல்லாம் தெரியும். "நீ கூடப் போறதா இருந்தா அவன் ஏற்காடு போகட்டும்" என்று இவளிடம் நேற்றுச் சாயந்தரமே சொல்லிவிட்டீர்களாம். ஆக மேலே எழுதிய அத்தனையும் வீண். கிழிக்கப் போனேன், "உண்மையைச் சேத்து அனுப்புங்க சார்" என்று மறித்து நிற்கிறாள். சேர்க்கிறேன்: நான் சாப்பிட்டது இரண்டு கந்தரப்பம்.

நாலு, அம்மா. - சினேகா