கிழக்குச் சுவரில் உள்ள குப்பிகள் பற்றி

காந்தலூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சவரியப்பன் அவர்களுக்கு,

ஏசுதாஸ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் பூண்டுப் பயிரும் சுகம். குமுளியில் நீங்களும் அக்காவும் ஏலக்காய்க் கடையும், உங்களோடு இருக்கும் என் மனைவி ஞானஜோதியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதென்றுதான் எழுதுகிறேன். இதை ஞானஜோதிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

என் வீட்டில் சாக்குச் சாக்காகக் குப்பி கிடப்பதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போயிருக்கிறீர்களாம். கிடந்தது உண்மை. ஆனால் ஒன்றுகூட நான் குடித்ததில்லை. போன வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "இந்த வீட்டுல என்னைக்கு ஒரு குப்பிகூட இல்லையோ, அன்னைக்கு வாரேன்" என்றாள் உங்கள் தங்கை. அன்றோடு விட்டேன். மாதா மேல் ஆணை.

விட்டவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் இல்லாத அடுப்படியில் நின்று நானே கட்டன்சாயா போட்டபோதுதான் அங்கே பகலிலும் லைட் வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷமாக ஒரு ஜன்னல் கேட்டாள். அடுத்த பூண்டு வரட்டும், அடுத்த பூண்டு வரட்டும் என்றே ஓட்டிவிட்டேன். அப்போதுதான் மறையூரில் பிரதீப் நடத்தும் விடுதியில் காலிக் குப்பிகளை வைத்து ஒரு சுவர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். வெயில் அதன் வழியாகப் பச்சையும் மஞ்சளுமாக உள்ளே வந்து தரையில் கிடந்தது. உடனே அவள் முகம்தான் ஞாபகம் வந்தது. டூரிஸ்ட்டுகள் விட்டுப்போன பீர் குப்பி, ஒயின் குப்பி என்று பிரதீப்பிடம் இரண்டு சாக்கு கேட்டு வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். வளைவுக்கு வளைவு சாக்கு கலகலத்தது. "என்ன சேட்டா, வீட்டுல கல்யாணமா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் இருந்தவர் எங்கள் பங்குச் சாமியார்.

மறுவாரமே குடிநோயாளிகளுக்கான மூன்று நாள் தியானத்தில் என் பேரைச் சேர்த்துவிட்டார். "சாமி, நான் குடிக்கிறதில்ல" என்றேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். மூன்று நாளும் உட்கார்ந்தேன். கடைசி நாளில் எழுந்து, குடியை விட்டுப் பல மாதமாகிறது என்றேன். மூன்றே நாளில் இப்படிக் குணமானவனைக் கண்டதில்லை என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

லேபிள் போக ஊறவைத்தது ஞானஜோதியின் சீர் அண்டாவில். (அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.) பஞ்சாயத்துக்காகக் குப்பை எடுக்க வரும் கத்தரீனாள் எட்டிப்பார்த்து, "ஏண்ணே, இப்பம் அண்டாவுலயா குடிக்கீய?" என்றாள். அவள் வாய் வழியாகத்தான் குமுளிவரை சேதி வந்திருக்கும். கொத்தனார் காளிச்சாமியோ, "குப்பியில செவுரு வச்சா ஊரு என்னையும் சேத்துல்லா பேசும்" என்று கழன்றுகொண்டார். அடுப்படியின் கிழக்குச் சுவரை நானே கட்டினேன். முதலில் குப்பிகளின் வாயை வெளிப்பக்கம் வைத்ததால் காற்றடிக்கும்போதெல்லாம் சுவர் ஊளையிட்டது. அத்தனை வாயையும் சிமெண்டால் அடைத்தேன். இப்போது காலை ஏழு மணிக்கு அடுப்பு மேடைக்கு முன்னால், சரியாக அவள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் விழுகிறது. நான் அதில் நிற்பதில்லை. தள்ளி நின்று சாயா குடிக்கிறேன்.

சிமெண்ட் இறுகிய பிறகுதான் அவள் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஒரு குப்பிகூட இருக்கக்கூடாது என்றாள். நானோ வீட்டையே குப்பியால் கட்டிவைத்திருக்கிறேன். மூளை உள்ளவன் செய்கிற காரியமா இது, மச்சான்? சுவருக்குள் போன குப்பியும் குப்பிதானா என்று அவளிடம் கேட்டு எழுதவும். ஆமென்றால் இடித்துவிடுகிறேன். ஆனால் ஒரே ஒரு காலை வந்து பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கடையையும் கோபம் வந்தால் ஏறும் உங்கள் பிரஷரையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் தங்கையின் கணவன்,
ஏசுதாஸ்

பின்குறிப்பு: மேலே மாதா மேல் ஆணையிட்டது உறுத்துகிறது. சுவரின் கீழ்வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும் தவிட்டு நிறக் குப்பி என்னுடையது. அவள் போனபின் வந்த எங்கள் கல்யாண நாளில் தனியாக இருக்க முடியாமல் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு சத்தியமாக இல்லை. மற்ற குப்பிகளோடு அது மறைந்துவிடும் என்று நினைத்துப் பதித்தேன். ஆனால் தினமும் காலையில் எனக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. இதை மட்டும் அவளுக்கு வாசிக்க வேண்டாம். இல்லை மச்சான், இதை முதலில் வாசியுங்கள்.